நாலு இலக்கம்

நான் வேலை பார்ப்பது திரும்பி வரும் சாமான்களின் கிடங்கில். ஆன்லைனில் வாங்கி, பிடிக்காமலோ பிடித்தது போதும் என்றோ திருப்பி அனுப்புகிறார்களே, அதெல்லாம் என் மேஜைக்குத்தான் வரும். பெட்டியைப் பிரித்து, சாமானைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, மறுபடி விற்கலாமா, பழுது பார்க்கலாமா, குப்பையா என்று முடிவு செய்து மூன்று தொட்டிகளில் ஒன்றில் போட வேண்டும். ஒரு பெட்டிக்குத் தொண்ணூறு வினாடி. அதற்கு மேல் போனால் எதிரே இருக்கும் திரை மஞ்சளாகிவிடும். ஐந்து வருடமாக இதைச் செய்பவளுக்கு மனித குலத்தின் மேல் பெரிய மரியாதை மிஞ்சாது.

அதிலும் இந்தக் காலேஜ் பிள்ளைகள்! ஆண்டு விழா முடிந்த மூன்றாம் நாள் சட்டைகள் வந்து குவியும். விலைச்சீட்டு பத்திரமாகத் தொங்கும், காலரில் பவுடர் அப்பியிருக்கும், அக்குளில் சென்ட் மணக்கும். காரணம் என்ற இடத்தில் ‘அளவு சரியில்லை’ என்று போட்டிருப்பார்கள். அளவு சரியில்லாத சட்டையில் அத்தனை ஆட்டம் ஆடியிருக்கிறான், பாவம். பரீட்சை முடிந்தால் கால்குலேட்டர் வரும். வேலைக்கான இன்டர்வியூ முடிந்தால் கோட்டு வரும். இப்போதெல்லாம் இன்டர்வியூ கேமராவில் நடப்பதால் கோட்டு மட்டும்தான், பேண்ட் வாங்குவதே இல்லை. வாங்குவது என்றால் ஒரு வாரம் வைத்துப் பார்ப்பது என்று ஒரு தலைமுறைக்கே ஆகிவிட்டது. நான் குறை சொல்லவில்லை, அவர்கள் திருப்பி அனுப்புவதால்தான் எனக்குச் சம்பளம்.

என் வீட்டிலேயே அப்படி ஒருவன் இருந்தான் என்பதுதான் விஷயம். சின்னவன். என் தம்பி. வேறு ஊரில் ஒற்றை அறை எடுத்துத் தங்கி, மூன்றாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தான். அவன் கிளம்பிய வாரம் நான்தான் அவனுக்கு எங்கள் கம்பெனியின் ஆப்பை இறக்கிக் கொடுத்தேன். என் நம்பரில் ஏற்கெனவே ஒரு கணக்கு இருந்தது. அவன் புது ஊரில் புது நம்பர் வாங்கப்போவதாகச் சொன்னான். அதனால் அம்மாவின் நம்பரைப் போட்டுக் கணக்கைத் திறந்தேன். ஆப் அவன் போனிலும் என் போனிலும் இருந்தது. ஓடிபி மட்டும் அம்மா போனுக்குப் போகும்.

எங்கள் கம்பெனியில் ஊசி வாங்கினாலும் ஓடிபி உண்டு. சாமான் கொண்டுவருபவர் வாசலில் நின்று கேட்பார், நாலு இலக்கத்தைச் சொன்னால்தான் பெட்டி கைக்கு வரும். ஆகவே சின்னவன் எதை வாங்கினாலும் அம்மாவைக் கூப்பிட்டு நம்பர் கேட்டாக வேண்டும். ஆப்பில் நம்பரை மாற்றுவது மூன்று நிமிட வேலை. கம்ப்யூட்டர் படிக்கிற பையன் அதை மூன்று வருஷமாக மாற்றவில்லை. அது எனக்கு உறைத்திருக்க வேண்டும், உறைக்கவில்லை.

எட்டு மாதத்துக்கு முன்பு வீட்டில் ஒரு சண்டை நடந்தது. சின்னவனுக்கு ஒரே செமஸ்டரில் நாலு அரியர். லீவுக்கு வந்திருந்தவனிடமிருந்து விஷயம் வரவில்லை, கல்லூரியிலிருந்து அம்மா போனுக்கு வந்தது. அம்மா கரடியாகக் கத்தினாள். அப்பா இல்லாத வீடு, அவர் கத்த வேண்டியதையும் சேர்த்து அம்மாதான் கத்த வேண்டும். நானும் என் பங்குக்கு இரண்டு வார்த்தை போட்டேன். சின்னவன் பையை எடுத்துக்கொண்டு போனான். அதற்குப் பிறகு வீட்டுக்கும் வரவில்லை, நாங்கள் கூப்பிட்டால் எடுக்கவும் இல்லை. ‘கிளாஸில் இருக்கேன்’ என்று ஒரு மெசேஜ் வரும், அவ்வளவுதான். நமக்கும் ரோஷம் இருக்கிறதே, நான் கூப்பிடுவதை நிறுத்திவிட்டேன்.

ஆனால் நம்பர் கேட்க மட்டும் அவன் அம்மாவைக் கூப்பிடுவான்.

அம்மாவுக்கு ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் வேலை. இயந்திரத்திலிருந்து சூடாக வெளியே வரும் பெட்ஷீட்டை இந்த முனையில் அம்மா பிடிக்க, அந்த முனையில் இன்னொரு அக்கா பிடிக்க, இருவரும் நடந்து வந்து சேர்ந்து மடிக்க வேண்டும். பார்க்க நடனம் மாதிரி இருக்கும், எட்டு மணி நேரம் ஆடினால் தோள்பட்டை போய்விடும். அங்கே போன் எடுக்கக் கூடாது. அம்மா எடுப்பாள். காலையிலேயே வந்துவிடும் ஓடிபியை, துணியில் வார்டு எண் எழுதும் பேனாவால் உள்ளங்கையில் எழுதி வைத்துக்கொள்வாள். எப்போது கூப்பிட்டாலும் டக்கென்று சொல்ல வேண்டும், டெலிவரி ஆளைக் காக்க வைக்கக் கூடாது என்பது அவள் கட்சி. சாயங்காலம் வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டாலும் அந்த எண் லேசில் போகாது.

“அம்மா, ஆள் நிக்கிறாரு, நம்பர் சொல்லு.”

“ரெண்டு, ஒம்பது, ஒம்பது, நாலு. சாப்ட்டியா?”

“ம். சாப்ட்டேன். வெக்கிறேன்.”

நான் வீட்டில் இருந்த நாட்களில் கேட்டது இவ்வளவுதான். பதினைந்து வினாடி இருக்கும்.

இப்படியே போய்க்கொண்டிருந்ததில் நான் போய் மூக்கை நுழைத்தேன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி என்று ஒருவன் உண்டே, அவன் எனக்குச் சொந்தக்காரன்தான்.

ஒரு நாள் கிடங்கில் மேற்பார்வையாளர் என் மேஜைக்கு வந்து குனிந்தார். அவர் குனிந்தால் நல்ல செய்தி இருக்காது.

“இந்தக் கணக்கு உங்க வீட்டோடதா?”

பார்த்தேன். அம்மா பெயர், சின்னவன் முகவரி. எட்டு மாதத்தில் அறுபத்து நாலு ஆர்டர். அதில் ஐம்பத்தொன்று திரும்பி வந்திருக்கிறது.

“வேலை செய்றவங்க குடும்பத்துல இப்படி இருந்தா மேல கேள்வி வரும். பாத்துக்கோங்க” என்றார்.

மதியம் சாப்பிடும்போது ஆப்பைத் திறந்து பட்டியலைப் பார்த்தேன். முதல் வருஷம் அவன் வாங்கியவற்றில் ஒரு ஒழுங்கு இருந்தது. மேஜை விளக்கு, தடிப் புத்தகம் இரண்டு, மழைக்கோட்டு. கடைசி எட்டு மாதம் பைத்தியக்கார வேலை. காகிதம் செருகும் கிளிப் ஒரு டப்பா, வாங்கி, திருப்பி அனுப்பியிருந்தான். சுவரில் ஒட்டும் கொக்கி, திருப்பி. போன் வைக்கும் ஸ்டாண்டு மூன்று முறை, மூன்றும் திருப்பி. நகவெட்டி. நகவெட்டியை எவனாவது திருப்பி அனுப்புவானா? எல்லாவற்றுக்கும் ஒரே காரணம், ‘மனம் மாறிவிட்டது’. வாரத்துக்கு இரண்டு முறை மாறுகிற மனம் என்ன மனமோ!

எனக்கு வந்த கோபத்தில் சாப்பாடு இறங்கவில்லை. நான் நின்று நின்று கால் வீங்கி இந்த வேலையைச் செய்கிறேன், இவன் அறையில் உட்கார்ந்துகொண்டு விரலால் விளையாடுகிறான். அம்மா இவனுக்காக வேலை இடத்தில் திட்டு வாங்குகிறாள். அவனைக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. ஆப்பில் ‘கணக்கு விவரம்’ என்பதைத் தொட்டு, அம்மா நம்பரை எடுத்துவிட்டு அவன் நம்பரைப் போட்டேன். அந்த மாற்றத்தை உறுதி செய்ய அம்மா போனுக்கு ஒரு ஓடிபி போனது. ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து அம்மாவிடமே அதைக் கேட்டு வாங்கினேன். சின்னவனுக்கு, ‘இனிமேல் நம்பர் உனக்கே வரும், அம்மாவைத் தொல்லை பண்ணாதே’ என்று மெசேஜ் போட்டேன். பெரிய சாதனை செய்த மாதிரி மிச்சச் சாப்பாட்டையும் சாப்பிட்டேன்.

சாயங்காலம் அம்மாவிடம் சொன்னேன். “இனிமே உனக்குத் தொந்தரவு இல்லம்மா. ஓடிபி அவனுக்கே போயிடும்.”

அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். வேலையிலும் அதே, வீட்டிலும் அதே. “அதுக்குத்தான் நம்பர் கேட்டியா?” என்றாள்.

“ஆமா.”

“சரி” என்றாள். மடித்த துண்டைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

இரண்டு வாரம் கழிந்தது. அம்மா வழக்கம்போலத்தான் இருந்தாள், கொஞ்சம் அதிகமாக வழக்கம்போல இருந்தாள் என்று இப்போது தோன்றுகிறது. காலையில் எழுந்ததும் போனை எடுத்துப் பார்ப்பாள், வைத்துவிடுவாள். ஒரு நாள் கண்ணாடியை வீட்டிலேயே மறந்துவிட்டுப் போய்விட்டாள். எனக்கு அன்று மதிய ஷிப்ட். போகிற வழியில் ஆஸ்பத்திரியின் பின்வாசலில் நின்று கூப்பிட்டேன். அம்மா வரவில்லை, பெட்ஷீட்டின் மறுமுனையைப் பிடிக்கும் அக்கா வந்தாள்.

“அம்மா மெஷின்ல மாட்டிக்கிட்டா. என்கிட்ட குடு” என்று கண்ணாடியை வாங்கிக்கொண்டவள், போகாமல் நின்றாள். “ஏம்மா, உன் தம்பிக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லையா?”

“நல்லாத்தான் இருக்கான். ஏன்க்கா?”

“இல்ல, போனே வர்றதில்லையே. முன்னல்லாம் வாரத்துக்கு ரெண்டு தடவ, நான் பெட்ஷீட்ட ஒரு பக்கமா பிடிச்சிக்கிட்டு தேமேன்னு நிப்பேன், உங்கம்மா மாடிப்படிக்கு ஓடுவா. வந்து சொல்லுவா, இன்னிக்கு சளி பிடிச்ச மாதிரி பேசினான், இன்னிக்குக் குரல் தேவலைன்னு. நாலு நம்பர் சொல்ற நேரத்துல என்னத்தக் கண்டுபிடிப்பியோன்னு நான் கேலி பண்ணுவேன். இப்ப கையக் கழுவுறப்போ உள்ளங்கையையே பாத்துட்டு நிக்கிறா.”

கிடங்குக்குப் போகிற பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் ஆப்பைத் திறந்தேன். நான் நம்பரை மாற்றிய நாளிலிருந்து பத்தொன்பது நாள் ஆகியிருந்தது. பத்தொன்பது நாளில் சின்னவன் ஒரு கிளிப்பைக்கூட வாங்கவில்லை.

எனக்கு வெட்கமாக இருந்தது. அடுத்தவர் திருப்பி அனுப்பும் பெட்டியைத் தொட்டுப் பார்த்தே அவர்கள் ஜாதகத்தைச் சொல்கிறவள் நான். நகவெட்டியை வாங்கியவனுக்கு நகவெட்டி வேண்டியிருக்கவில்லை என்பது புரிய எனக்குப் பத்தொன்பது நாள் பிடித்திருக்கிறது. சும்மா கூப்பிட்டால் அம்மா அரியரைப் பற்றிக் கேட்பாள். வாசலில் ஆள் நிற்கும்போது கூப்பிட்டால் கேட்க நேரம் இருக்காது. குரலைக் கேட்கலாம், சாப்ட்டியா என்பதற்கு ம் சொல்லலாம், வைத்துவிடலாம். அதற்காக இந்தப் பையன் அறுபத்து நாலு முறை சாமான் வாங்கியிருக்கிறான். நான் அதை மூன்று நிமிடத்தில் அறுத்துவிட்டேன்.

பஸ்ஸிலேயே பழைய நம்பரைத் திரும்பப் போடப் பார்த்தேன். ‘தொண்ணூறு நாட்களுக்கு ஒரு முறை மட்டுமே மாற்ற முடியும்’ என்றது ஆப். சின்னவனைக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. தும்பை விட்டு வாலைப் பிடிக்கப் போனால் மாடு நிற்குமா?

இரவுச் சாப்பாட்டின்போது அம்மாவிடம் ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். மேற்பார்வையாளர் சொன்னது, பட்டியல், தொண்ணூறு நாள் எல்லாம். அம்மா திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“இப்ப என் நம்பர்ல கணக்கு இல்லைல்ல?” என்றாள்.

“இல்ல.”

“அப்ப எனக்குன்னு ஒண்ணு திறந்து குடு. என் நம்பர்லயே. அவன் அட்ரஸ் போடு.”

அம்மா அதுவரை ஆன்லைனில் ஒரு குண்டூசி வாங்கியதில்லை. தொட்டுப் பார்க்காமல் வாங்குவது கண்ணைக் கட்டிக்கொண்டு பெண் பார்ப்பது மாதிரி என்பாள். அன்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனை மூக்குக்கு நேரே பிடித்து, திரையை மேலும் கீழும் தள்ளினாள். விலை பார்க்கவில்லை, நிறம் பார்க்கவில்லை.

“புதன்கிழமை போய்ச் சேர்ற மாதிரி எது இருக்கு?”

புதன் அவளுக்கு வார விடுமுறை. “நிறைய இருக்கும்மா. என்ன வேணும் அவனுக்கு?”

“வாசல்ல வெச்சிட்டுப் போக முடியாததா, ஜன்னல் வழியா குடுக்க முடியாததா இருக்கணும்.”

கடைசியில் ஒரு பெரிய பிளாஸ்டிக் பக்கெட் வாங்கினாள். மூடி போட்டது. நீல நிறம்.

புதன்கிழமை காலையில் நானும் லீவு சொல்லிவிட்டேன். எட்டரைக்கு ஓடிபி வந்தது. அம்மா வேலை ஞாபகத்தில் பேனாவைத் தேடி உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள். பிறகு குளித்தாள், தண்ணீர் பட்டதில் எண் கலைந்தது, மறுபடி எழுதினாள். பதினொன்றே காலுக்குப் போன் அடித்தது. அம்மா அதை இரண்டு முறை அடிக்க விட்டு எடுத்தாள். ஸ்பீக்கரில் போடச் சொல்லி எனக்குக் கண்ணைக் காட்டினாள்.

“அம்மா, பக்கெட்டு ஒண்ணு வந்திருக்கு. நீயா போட்ட?”

“ஆமா.”

“எதுக்கும்மா பக்கெட்டு? இங்க இருக்கே.” மூச்சு வாங்கியது. படி இறங்கி வந்திருப்பான். “சரி, நம்பர் சொல்லு. ஆள் நிக்கிறாரு.”

“நிக்கட்டும்” என்றாள் அம்மா.

நான் நிமிர்ந்து பார்த்தேன். டெலிவரி ஆளை அரை நிமிடம் காக்க வைத்தாலே பாவம் என்கிறவள் சொன்ன வார்த்தை அது.

“என்னம்மா?”

“இன்னிக்கு என்ன கிழமை?”

“புதன்.”

“மணி பதினொண்ணே கால். காலேஜ் இல்லையா?”

“ஆன்லைன் கிளாஸ்மா. ரெக்கார்டு பண்ணிப் போடுவாங்க, எப்ப வேணா பாத்துக்கலாம்.” சட்டென்று வந்தது பதில். நிறையத் தடவை தனக்கே சொல்லிப் பழகியது போலிருந்தது.

“எட்டு மாசமா நீ நம்பர் கேட்டது எல்லாம் என் போன்ல இருக்குடா. எந்த நாள், எத்தனை மணின்னு. பத்தரை, பதினொண்ணு, பன்னெண்டேகால். எல்லாம் வேலை நாள். ஒரு நாள் ஒரு நேரம்கூட நீ காலேஜ்ல இல்ல.”

அதே தேதியும் நேரமும் என் போனில் இருந்த ஆப்பிலும்தான் இருந்தன. நான் நகவெட்டியைத்தான் பார்த்தேன்.

தூரத்தில் இன்னொரு குரல் கேட்டது. “தம்பி, எனக்கு இன்னும் நாப்பது வீடு இருக்கு.”

“அவர்கிட்ட போனைக் குடு” என்றாள் அம்மா.

“அம்மா, வேணாம்மா...”

“குடுடா.”

கை மாறும் சத்தம் கேட்டது. அம்மா உள்ளங்கையை விரித்தாள். “அண்ணே, காக்க வெச்சதுக்குக் கோவிச்சுக்காதீங்க. எழுதிக்கோங்க. அஞ்சு, சைபர், ஏழு, ஒண்ணு.”

“சரிம்மா, வந்துடுச்சு” என்றார் அவர். பைக் கிளம்பிப் போவது கேட்டது. போன் மறுபடி சின்னவன் கைக்கு வந்தது என்பது மூச்சில் தெரிந்தது.

இப்போது வாசலில் யாரும் நிற்கவில்லை. அவன் எந்த நொடியும் வைத்துவிடலாம். அம்மா போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். நான் திரையில் வினாடிகள் ஓடுவதைப் பார்த்தேன். என் மேஜையில் தொண்ணூறு எப்படி ஓடும் என்று எனக்குத் தெரியும், இது நகரவே இல்லை.

“நாலு பேப்பர் போச்சுல்ல” என்று ஆரம்பித்தான். “அதுக்கப்புறம் அந்தக் கிளாஸ்ல போய் உக்கார முடியலம்மா. எல்லாம் வீடியோல இருக்கே, ரூம்லயே படிச்சுக்கலாம்னு நெனச்சேன். வீடியோவும் பாக்கல. சாப்பாடு ஆப்ல வந்துடுது. வெளிய போகவே வேண்டியதில்ல. இந்த வருஷமும் போச்சும்மா. பரீட்சை எழுத விட மாட்டாங்க.”

“ம்” என்றாள் அம்மா.

“ஒரு நாளைக்கு யார்கூடயும் ஒரு வார்த்தை பேசலன்னு ராத்திரிதான் தெரியும். அப்ப ஏதாவது ஆர்டர் போடுவேன்.”

நான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

“உனக்குத் தெரியும்னா ஏம்மா கேக்கல? எட்டு மாசமா ஒரு தடவகூட கேக்கலியே?”

“கேட்டிருந்தா நீ சாமான் வாங்குறதையும் நிறுத்தியிருப்ப” என்றாள் அம்மா.

அவன் அழுதான். சின்ன வயதில் எப்படி அழுவானோ அப்படியே, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. அம்மா அழவில்லை. மையெழுதிய கையைப் புடவையில் அழுத்தித் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

“வீட்டுக்கு வரட்டுமாம்மா?” என்றான்.

அத்தனை நேரம் வக்கீல் மாதிரி பேசியவள் போனை என் பக்கம் தள்ளினாள்.

“வாடா” என்றேன் நான். “எந்த பஸ்ஸுன்னு மட்டும் சொல்லு. நாங்க ரெண்டு பேரும் வந்து நிக்கிறோம்.”